பச்சைப் பட்டனை அவள் அழுத்தவில்லை

அக்காவின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது என்று செய்தி வந்தபோது நான் பாலிடெக்னிக் லேபில் மாணவர்களுக்கு வயர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் பிற்பாதி. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, படித்த இடத்திலேயே லேப் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அக்கா எங்கள் ஊரிலேயே, திருவேங்கடம் ரோட்டில் இருந்த ஒரு பாவு ஓட்டும் யூனிட்டில் வேலை பார்த்தாள். தறிகளுக்கு வேண்டிய நூலை நூற்றுக்கணக்கான இழைகளாக இழுத்துப் பெரிய உருளையில் சுற்றும் வேலை. இழை அறுந்தால் மெஷினை நிறுத்தி, உருளைக்குப் பக்கத்தில் கையை விட்டு, அறுந்த நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போடவேண்டும். அக்கா போடும் முடிச்சு கண்ணுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டோடு படுத்திருந்தாள். பாவு உருளைக்கும் அதை அழுத்திக்கொண்டிருக்கும் சின்ன உருளைக்கும் நடுவில் வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. நான் கட்டில் பக்கம் போய் நின்றதும் அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை.

"நான் அமுக்கலட்டி" என்றாள்.

"எதைக்கா?"

"பச்சைப் பட்டனை. நான் அமுக்கவே இல்ல. எல்லாரும் நான்தான் அமுக்கினேன்னு சொல்லுதாவ."

என்ன நடந்தது என்று கேட்டேன். கரண்ட் போயிருக்கிறது. மெஷின் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் கரண்ட் போவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. போன நேரத்தை வீணாக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு வைப்பது அங்கே எல்லாப் பெண்களும் வருஷக்கணக்காகச் செய்வதுதான். அதில் ஆபத்து எதுவும் கிடையாது. மோட்டாரின் ஸ்டார்ட்டர் அப்படிப்பட்டது. கரண்ட் போனால் அது விழுந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், யாராவது பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் மோட்டார் மறுபடி ஓடும். இது தறிக்கூடத்தில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அக்காவும் அந்த நம்பிக்கையில்தான் கையை உள்ளே விட்டிருந்தாள். கரண்ட் வந்தது. உருளை சுற்றியது.

"ரெண்டு கையும் நூலுக்குள்ள இருக்கு. பட்டன் அங்கன தூண்ல இருக்கு. எந்தக் கையால அமுக்குவேன்?"

மறுநாள் முதலாளியைப் பார்க்கப் போனேன். வரவேற்று உட்காரச் சொன்னார். காபி வாங்கிவரச் சொன்னார். அவர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. மிக அன்பாகத்தான் சொன்னார்.

"படிச்ச பிள்ளை நீ. மெஷின் தானா ஓடுமா? அதுக்குள்ள பேயா இருக்கு? பட்டனை அமுக்காம மோட்டார் எப்படி ஓடும்? நீயே சொல்லு."

"அவளுக்கு ரெண்டு கையும் உள்ள இருந்திருக்கு அண்ணாச்சி."

"இடுப்பு இடிச்சிருக்கும்மா. சேலை பட்டிருக்கும். தெரிஞ்சா செய்வா? கவனக்குறைவு. ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிடுதேன். விடு."

தூண் உருளையிலிருந்து ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் தூரம். அவ்வளவு தூரத்துக்கு என் அக்காவின் இடுப்பு நீண்டு போய், குறிபார்த்துப் பச்சைப் பட்டனை இடித்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்த, மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை இடிக்கவில்லை. வெளியே வரும்போது மெஷினைப் பார்த்தேன். தூணில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன. நூல் எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும்; வேண்டிய நீளம் வந்ததும் தானே மோட்டாரை நிறுத்தும்; பெட்டியிலேயே ஓட்டவும் நிறுத்தவும் வசதி உண்டு. கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி செய்தது. அதை மாட்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

வாசலில் அக்காவோடு வேலை பார்க்கும் ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். அக்காவைவிட மூத்தவள். மதினி என்றுதான் கூப்பிடுவோம்.

"அந்தப் பெட்டி வந்த பெறகுதான் இந்தக் கூத்து. கரண்ட் வந்ததும் சில நேரம் தானா ஓடும். சில நேரம் ஓடாது. நாங்க சொன்னோம். மொதலாளி சிரிச்சாரு. பேய் புடிச்சிருக்கான்னு கேட்டாரு."

அந்தப் பேயை முதலில் அவர்களிடமும், பிறகு என்னிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார் அந்த மனிதர். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

எங்கள் லேபில், புரோகிராம் ஏற்றி மெஷின்களை ஆட்டிவைக்கும் சில்லு கொண்ட மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்று புதிதாக வந்திருந்தது. மெட்ராஸிலிருந்து வாங்கியது. பச்சைத் தகட்டில் கறுப்புச் சில்லுகள், கால்குலேட்டரைப் போல ஒரு கீபோர்டு, சிவப்பு எண்கள் எரியும் ஒரு சின்னத் திரை. புரோகிராமை எண்ணும் எழுத்தும் கலந்த குறிகளாக ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றவேண்டும். ஒன்று தப்பினாலும் மொத்தமும் கோணல். கரண்ட் போனால் ஏற்றியதெல்லாம் அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அதோடு வந்த புத்தகத்தில் பாதிப் பக்கம் நகல் எடுத்த நகல். துறைத் தலைவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். அவருக்கு அதைத் தொடப் பயம்.

கோயம்புத்தூர்ப் பெட்டிக்குள்ளும் இதுபோல ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வேறு எதை வைத்தும் அந்த விலைக்கு அப்படி ஒரு பெட்டி செய்யமுடியாது. எனவே அவர்கள் எழுதியிருக்கக்கூடிய புரோகிராமை நானே எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மாணவர்கள் போன பிறகு, கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்வரை உட்காருவேன். உருளையின் ஒவ்வொரு சுற்றையும் எண்ணு. நீளம் வந்துவிட்டதா என்று பார். வந்தால் மோட்டாரை நிறுத்து. மோட்டாருக்குப் பதிலாக, போர்டோடு இணைத்த விளக்கு வரிசையில் ஒரு சிவப்பு விளக்கு. எரிந்தால் மோட்டார் ஓடுகிறது, அணைந்தால் நிற்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

எழுதினேன். ஓட்டினேன். சரியாக எண்ணியது, சரியாக நிறுத்தியது. தப்பு எங்கேயாவது நுழைய வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். கணக்கு நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வேறு சிக்னல் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். வேண்டுமென்றே தப்பான எண்களைக் கொடுத்தேன். விளக்கு தானாக எரியவே இல்லை. ஒருநாள் பாதியில் கரண்ட் போய் எல்லாம் அழிந்தது. இன்னொரு நாள் கீபோர்டில் ஒரு கட்டை மாட்டிக்கொண்டு ஒரே எழுத்தை இரண்டு தடவை ஏற்றிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் ஓடிப்போனது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். அம்மா கதவைத் திறக்கும்போதே கேட்பாள்.

"இன்னைக்கும் அதே சோலிதானா? பெரிய எடத்துப் பகை நமக்கு எதுக்குட்டி? அவரு செலவைப் பாக்கேன்னு சொல்லிட்டாருல்லா?"

"அவ அமுக்கலம்மா."

"அமுக்கலன்னு தெரிஞ்சா வெரலு வந்துருமா?"

அம்மாவிடமும் எனக்குக் கோபம்தான். உள்ளே அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். எங்கள் பேச்சு எல்லாம் அவளுக்குக் கேட்கும்.

ஒரு சாயங்காலம் புரோகிராம் எதற்கோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஆத்திரத்தில், போர்டை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீசெட் பட்டனைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினேன். அழுத்தியபடியே வைத்திருந்தேன். அப்போது எதிரில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. நான் மோட்டார் என்று பெயர் வைத்திருந்த விளக்கும் எரிந்தது.

மாணவர்கள் செய்யும் ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் கட்டளை ஒன்று உண்டு: எல்லா விளக்கையும் அணை. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். எல்லாரும் அப்படியே எழுதுவோம். அணைக்கவேண்டும் என்றால் அதற்கு முன்னால் அவை எரிந்துகொண்டிருக்கின்றன என்றுதானே அர்த்தம்? ரீசெட்டிலோ, கரண்ட் வந்தோ இந்தச் சில்லு விழித்தெழும்போது, விளக்குக்கும் மோட்டாருக்கும் சிக்னல் அனுப்பும் தன் கால்களையெல்லாம் உயரே தூக்கிக்கொண்டுதான் எழும். புரோகிராம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். முதல் கட்டளை வந்து கால்களை இறக்கும். நடுவில் ஒரு சிறு இடைவெளி; பட்டனை அழுத்திப் பிடித்ததால்தான் அது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் இத்தனை நாளும் புரோகிராமுக்குள் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தப்பு புரோகிராம் தொடங்குவதற்கு முன்னால் இருந்தது.

கரண்ட் திரும்பி வருகிறது. பெட்டி விழிக்கிறது. அதன் ஒரு கால் உயர்ந்து, மோட்டாரை ஓட்டச்சொல்லும் சின்ன சுவிட்சான ரிலே ஒரு கணம் ஒட்டுகிறது. அந்த ரிலே ஒட்டுவதும் ஒருவர் பச்சைப் பட்டனை அழுத்துவதும் ஸ்டார்ட்டருக்கு ஒன்றுதான். ஒரு கணம் போதும், ஸ்டார்ட்டர் பிடித்துக்கொள்ளும். சில சமயம் அந்தக் கணம் போதாமல் போகும், மெஷின் ஓடாது. சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது என்று மதினி சொன்னது அப்படியே இதுதான்.

சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். இதைச் செய்தவர்களுக்கு ஒரே ஒரு தடவை தோன்றியிருந்தால் போதும். கால் இறங்கினால் ஓடு, உயர்ந்தால் நில் என்று ரிலேயை மாற்றி இணைத்திருந்தால் முடிந்தது. அதற்கு ஒரு சின்னப் பொருள் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். இன்னொரு டிரான்சிஸ்டர். அது இல்லாததால் என் அக்காவின் விரல்கள்.

துறைத் தலைவரிடம் போர்டை ஊருக்கு எடுத்துப்போகக் கேட்டேன். "காலேஜ் பொருள்மா. வெளி வம்புக்கெல்லாம் கொடுக்க முடியாது" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சனிக்கிழமை நான் லீவு. சாவி உன்கிட்டதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது." நல்லவர்தான். ஆனால் எல்லாரும் இப்படித் தங்களுக்கு ஒன்றும் தெரியாமல் நல்லவர்களாக இருந்தால் எப்படி? அந்த எரிச்சலோடுதான் போர்டைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன்.

பெட்டியில்தான் தப்பு என்று நான் போய்ச் சொன்னதும், அந்தச் சனிக்கிழமை கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வருவதாக முதலாளி சொல்லியிருந்தார். என் வாயை அடைப்பதற்குத்தான் வரவழைத்தார். அக்காவும் கட்டுப் போட்ட கையோடு என்னுடன் வந்தாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டுப் பெண்கள் எல்லாரும் சுவரோரம் நின்றார்கள்.

இன்ஜினியர் இளைஞர். நல்ல சட்டை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னார். "இதுல ஒண்ணுமில்லீங்க. புரோகிராம் பக்காவா இருக்குதுங்க. ஆபரேட்டர் மிஸ்டேக்தானுங்க."

நான் என் போர்டை மேஜைமேல் வைத்து, ரீசெட் பட்டனை அழுத்திக் காட்டினேன். விளக்குகள் எரிந்தன. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"அது உங்க கிட்டுங்க. எங்க போர்டு வேறங்க."

திறந்து கிடந்த பெட்டிக்குள் பார்த்தேன். அதே சில்லு. அதே எண். அதன் காலிலிருந்து நேராக ஒரே ஒரு டிரான்சிஸ்டர், அதிலிருந்து ரிலே; இரண்டாவது டிரான்சிஸ்டர் இல்லை.

"சரி. அப்ப மெயினை எறக்கி ஏத்துங்க. பட்டன் பக்கம் யாரும் போகவேண்டாம்" என்றேன்.

முதலாளி சிரித்துக்கொண்டே ஆளை விட்டு மெயினை இறக்கி ஏற்றச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி. ஒன்றும் ஆகவில்லை. "போதுமாம்மா?" என்றார். "இன்னொரு தடவை" என்றேன். மெயின் ஏறியது. ஸ்டார்ட்டர் டக்கென்று பிடித்துக்கொண்டது. ஆளில்லாத மெஷினில் உருளை சுற்றத் தொடங்கியது. இழைகள் விர்ரென்று ஓடின. பச்சைப் பட்டன் தூணில் தனியாக இருந்தது.

மதினிதான் போய்ச் சிவப்பை அழுத்தி நிறுத்தினாள். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பெட்டியில கோளாறுதான். இருந்தாலும் இவ ஏன் கையை உள்ள விட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி கத்தினாள்: "கையை விடாம பல்லாலயா முடிச்சுப் போடுவாவ? நீரு வந்து போட்டுக் காட்டும்வே!" முதலாளியை ஒரு கூலிக்காரி, சரிக்குச் சமமான ஆளைப் போல, வே என்று கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. கூப்பிட்டது சரிதான் என்று எல்லார் முகமும் சொன்னது. பெட்டியைக் கழற்றாமல் மெஷினைத் தொடமாட்டோம் என்று இன்னொருத்தி சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். இன்ஜினியரே கழற்றினார்.

அக்கா அதுவரை சுவரோரம்தான் நின்றிருந்தாள். இப்போது முதலாளிக்கு எதிரில் போய் நின்றாள்.

"நான் அமுக்கலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி. இவ்வளவு பேரும் கேக்குத மாதிரி சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அக்கா நகரவில்லை. "நீ அமுக்கல" என்றார் கடைசியில். சத்தம் வரவில்லை. "கேக்கல" என்றாள் அக்கா. அவர் மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

இன்ஜினியர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மேடம், இதை வெளிய சொல்லிராதீங்க. மாத்திக் குடுத்தர்றோமுங்க."

"வேற எங்கெல்லாம் வித்திருக்கீங்க?"

"அதையெல்லாம் நாங்க பாத்துக்குவோமுங்க" என்றார். எந்த ஊர் என்று கடைசிவரை சொல்லவில்லை. தூக்கம் வராமல் செய்தது அதுதான். எங்கேயோ ஒருத்தி ஜன்னல் வெளிச்சத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள்.

சிவகிரிப் பக்கம் ஒரு யூனிட்டில் அதே சாம்பல் பெட்டியைப் பார்த்ததாக மதினியின் சொந்தக்காரர் சொன்னார். நானும் அக்காவும் பஸ் ஏறினோம். அங்கே முதலாளி கொஞ்ச வயசுக்காரர். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சந்தேகமாகக் கேட்டார். அக்கா முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். அவர் மெயினை இறக்கி ஏற்றினார். முதல் தடவையே உருளை சுற்றியது. கோயம்புத்தூரிலிருந்து யாரும் வரவுமில்லை, எதுவும் சொல்லவுமில்லை என்றார். "என் பொண்டாட்டிதான் அங்கன நிப்பா" என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்தவர், பெட்டியைக் கழற்றி முடிக்கும்வரை எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அது எங்களுக்கு நிறைவாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா கேட்டாள். "ஒனக்குக் கோவம் போயிருச்சா?"

"இல்ல."

"எனக்கும் போகல" என்றாள். பிறகு ஊர் வரும்வரை தூங்கினாள்.

இடது கையால் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டு, அவள் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் வேறொரு யூனிட்டுக்குப் போனாள். பழைய முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டார். அந்த வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மறு வருஷம் அந்தக் கோயம்புத்தூர் கம்பெனியின் புதுப் பெட்டி வந்தது. அதன் விளம்பரத் தாளை மாணவன் ஒருவன் லேபுக்குக் கொண்டுவந்தான். பெரிய எழுத்தில் முதல் வரியாகப் போட்டிருந்தார்கள்: மின்சாரம் திரும்பி வரும்போது இயந்திரம் தானாக ஓடாமல் இருக்கும் புதிய பாதுகாப்பு வசதி கொண்டது. வசதியாம். அதை வாசித்துவிட்டு நான் லேபில் நின்று கத்திய கத்தலில் துறைத் தலைவர் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். இந்தத் தடவை அவருக்கு எல்லாவற்றையும், முதலிலிருந்து, உட்காரவைத்துச் சொன்னேன்.